நான் போட்ட நாலு கட்டம்

என் தங்கைக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. எங்கள் அம்மா தன் சொந்தத் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். எனக்குக் கேட்டது, அவளுக்குக் கேட்கவில்லை. நான் படித்து விழுப்புரத்தில் பிளஸ் டூவுக்கு பயாலஜி எடுக்கும் டீச்சரானேன். அவள் தையல் கற்றாள். முப்பதை நெருங்கும்போது, திண்டிவனத்தில் பேனர் கடையில் டிசைன் போடும் ஒருவரை விரும்பிக் கட்டிக்கொண்டாள். ஒலக்கூர் பக்கத்துக்காரர். அவருக்கும் பிறவியிலேயே கேட்காது. அவருடைய பெற்றோரும் அத்தை மகன், மாமன் மகள்தான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது அவள் கைகளால் என்னைக் கேட்டாள். எங்களுக்குப் பிறக்கும் குழந்தைக்குக் கேட்குமா?

நான் யோசிக்கவே இல்லை. வகுப்பில் போடுவதுபோல ஒரு தாளில் நாலு கட்டம் போட்டேன். காது கேளாமை ஒடுங்கிய பண்பு, நல்ல மரபணு ஒன்றே ஒன்று இருந்தாலும் அது ஓங்கி நின்று கேட்க வைத்துவிடும், உங்கள் இருவரிடமும் அந்த ஒன்று இல்லை, அதனால் நாலு கட்டத்திலும் காது கேளாத குழந்தைதான் என்று விளக்கினேன். நிச்சயமாகவா என்றாள். நிச்சயம் என்றேன்.

அவள் தன் குறையைப் பெரிதாக எடுத்துக்கொண்டவள் அல்ல. ஆனால் ஐந்து வயதில் வெளியூர் விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு அப்பா திரும்பிப் பார்க்காமல் நடந்தது அவளுக்கு ஆறவே இல்லை. என் பிள்ளையை அப்படி ஒரு வாசலில் விடமாட்டேன் என்றாள். கணவரும் ஒப்புக்கொண்டார். குழந்தை வேண்டாம் என்று அவர்கள் இருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறு வருடம் அப்படிப் போனது. அவள் மாமியார் கோயில் கோயிலாகக் கூட்டிப்போனார், விரதம் இருக்கவைத்தார். பிறகு அலுத்துப்போய், பக்கத்து வீட்டாரிடம் மலடி என்றே சொல்ல ஆரம்பித்தார். தங்கை உதட்டைப் படிப்பாள். அந்த மூன்றெழுத்தைப் படிக்க அவளுக்கு வெளிச்சம்கூட அதிகம் வேண்டியதில்லை. எனக்குச் செய்தி அனுப்புவாள்: "இன்னைக்கும் சொன்னாங்க." நான் ஆறுதலாக ஏதாவது எழுதுவேன்.

ஏழாவது வருடம், எண்ணாமலே கரு உண்டாகிவிட்டது. அவள் பயந்து அழுதாள். கணவர்தான், நம் வீட்டில் கையால் பேச இன்னும் ஒருவர் வரட்டுமே என்று தேற்றினார். பெண் குழந்தை பிறந்தது.

குழந்தைக்கு மூன்று மாதம் ஆனபோது ஒரு ஞாயிறு திண்டிவனம் போயிருந்தேன். மாமியார் கடைக்குப் போயிருந்தார். தங்கை ஆவியைப் பார்த்துத்தான் குக்கரை இறக்குவாள். குக்கர் கூவியது. பாயில் கிடந்த குழந்தை தூக்கிப்போட்டு விழித்தது. மறுபடி கூவியது, மறுபடி உடம்பு அதிர்ந்தது. அந்த வீட்டில் அந்தச் சத்தம் எனக்கும் குழந்தைக்கும் மட்டும்தான் கேட்டது. தங்கையின் தோளைத் தட்டிக் குழந்தையைக் காட்டினேன்.

மறுவாரம் பரிசோதித்தார்கள். இரண்டு காதும் நன்றாக இருந்தன. பிறகு மரபணுச் சோதனையும் செய்தபின் டாக்டர் சொன்னார். தங்கையிடம் பழுதான மரபணு வேறு, அவள் கணவரிடம் பழுதானது வேறு. காது கேட்க இரண்டுமே சரியாக இருக்க வேண்டும். அவளிடம் இல்லாததை அவரும், அவரிடம் இல்லாததை அவளும் குழந்தைக்குக் கொடுத்திருந்தார்கள். குழந்தை இரண்டு பழுதையும் சுமக்கிறது, ஆனால் இரண்டும் ஒடுங்கிக் கிடக்கின்றன.

நான் நாற்காலியில் சாய்ந்தேன். வெள்ளைப் பூ பூக்கும் இரண்டு வகை இனிப்புப் பட்டாணிச் செடிகளைக் கலந்தால் ஊதாப் பூ வரும் என்று வருடா வருடம் பாடம் எடுப்பவள் நான். ஒன்றில் குறைவதை மற்றது நிரப்பும் என்று அடிக்கோடு போடச் சொல்வேன். அது பூவைப் பற்றிய பாடம் என்றே இருந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் தங்கை என்னைக் கேட்டாள்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

பாடத்தில் இருக்கிறது என்று கைகளால் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படித் திரும்பினால் பேச்சு முடிந்தது என்று பொருள். கூப்பிட்டாலும் கேட்காது. நாலு மாதம் என் பக்கம் திரும்பவில்லை.

அந்த நாட்களில் அவள் மாமியாரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஆறு வருடம் குழந்தையைத் தடுத்தது என் வார்த்தை என்றேன். அவர் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"ஆறு வருஷமா அவள என்னென்னமோ பேசிக்கினு இருந்தேனேம்மா. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல நீங்க?"

அவரை உள்ளே தங்கையிடம் அழைத்துப் போனேன். மன்னிப்புக் கேட்க அவருக்குக் கைமொழி தெரியாது. அவர் சொல்லச் சொல்ல நான் கைகளால் சொன்னேன். தங்கை குழந்தைக்குப் பவுடர் போட்டுக்கொண்டே பார்த்தாள். சரி என்று தலையசைத்தாள். அது அவருக்கு மட்டும்தான்.

இப்போது என்னோடு பேசுகிறாள், தேவைக்கு. இன்னொரு குழந்தைக்கு ஆசைப்பட்டார்கள். இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. வயதாகிவிட்டது என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. முப்பது வயதில் ஒரு டாக்டரைக் கேட்டிருந்தால் என்று மட்டும் ஆரம்பித்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.