அம்மா பட்டுடுத்திய கச்சேரி

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் ஆறாம் வகுப்புப் படித்தபோது பள்ளிக்கூட இசைக்குழுவில் எனக்கு இரண்டாம் வயலின். பின்வரிசையில் கடைசிக் கதிரை. ஆனால் என் நினைப்பில் அந்தக் கோடைக் கச்சேரியே என்னை நம்பித்தான் நடந்தது. நாங்கள் வாசிக்க இருந்தது ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய இலேசான வாத்திய இசை. விடுமுறைக்குக் கடற்கரை போகிறவர்களின் குதூகலம் அது, கேட்பவர்களின் கால் தானாகத் தாளம் போடவேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருந்தார். மாதக்கணக்கில் அதையே வாசித்து வீட்டாரின் உயிரை வாங்கியிருந்தேன்.

கச்சேரியன்று காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து தொலைபேசி வந்தது. அம்மாவின் ஒரே தம்பி மோட்டார் சைக்கிள் விபத்தில் போய்விட்டார். ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து அம்மா அவரை நேரில் பார்த்ததில்லை. கச்சேரிக்குப் போகவேண்டாம் என்று அப்பா சொன்னாராம். அம்மாதான் மறுத்திருக்கிறார்.

"பிள்ளை வாசிச்சு முடிக்கட்டும். பிறகு அழுவம்."

இதெல்லாம் பல வருடம் கழித்து அப்பா எனக்குச் சொன்னது. அன்று நான் கண்டது, அம்மா சாம்பல்நிறச் சட்டையோடு புறப்பட்டு நின்றதைத்தான். எனக்குப் பொறுக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வடிவாக வருவார்கள், நீங்கள் மயில்நீலப் பட்டுத்தான் உடுத்தவேண்டும் என்று அடம்பிடித்தேன். கூடப்பிறந்தவன் செத்த அன்று எங்கள் ஆட்களில் எவள் பட்டு உடுத்துவாள்? அம்மா உடுத்தினார். பொட்டும் வைத்துக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தார்.

வாசிக்கும்போது எட்டிப் பார்த்தேன். மண்டபம் முழுக்கக் கால்கள் ஆடின. அம்மா மட்டும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். முடிந்ததும் ஆசிரியை வந்து அவர் கையைப் பிடித்து, இசை ஒருவரை இப்படித் தொட்டதைத் தான் கண்டதேயில்லை என்று நெகிழ்ந்தார். அம்மா நன்றி சொன்னார். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆற்றுக்கு மேலே ஓடும் தொங்குரயிலில் திரும்பும்போது, இது சந்தோசமான பாட்டு, அழுது என் மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று இறங்கும்வரை ஏசினேன். அம்மா என் தலையைத் தடவினார்.

"இனி அழமாட்டன் குஞ்சு."

எங்கள் வீட்டுத் திறப்பு ஒன்று சித்தப்பாவிடம் இருந்தது. அவர் அதால் பூட்டைத் திறந்து, வந்த சனத்தை உள்ளே இருத்தியிருந்தார். வாசல் நிறையச் சப்பாத்துகளைக் கண்டதும், எல்லாரும் என்னைப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன். ஒருவரும் கேளாமலே பெட்டியைத் திறந்து, அறை நடுவில் நின்று வாசிக்கத் தொடங்கினேன். சின்னம்மா தடுக்க எழும்பினார். அம்மா வேண்டாமென்று கையைக் காட்டினார். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு பிழையில்லாமல் வாசித்தேன். ஒருவர்கூடக் கைதட்டவில்லை.

அந்தக் கோபத்தில், எனக்குச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அம்மா வந்து கெஞ்சுவார் என்று வெகுநேரம் காத்திருந்தேன். அன்று எங்கள் வீட்டில் அடுப்பே மூட்டவில்லை என்பது எனக்குத் தெரியாது.