நான் ஒதுக்கிய சின்ன மேடுகள்

தடய அறிவியல் ஆய்வகத்தில் டி.என்.ஏ. பார்ப்பதுதான் என் வேலை. சொந்த ஊர் சிவகாசிப் பக்கம். பட்டாசு விபத்துப் பொட்டலங்கள் வந்தால் வேறு யாரையும் தொடவிடமாட்டேன். நம்ம ஊர் ஆட்கள், நானே பார்க்கிறேன் என்று வாங்கிக்கொள்வேன். அந்தத் திமிருக்குத்தான் இன்றுவரை அனுபவிக்கிறேன்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலையில் வெடி விபத்து. ஓர் அறையில் வேலை பார்த்த பெண்கள் யாரையும் முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. வருகைப் பதிவேட்டில் ஐந்து பெயர். ஐந்தாவது பெயருக்குரியவள் வீட்டில் உயிரோடு இருந்தாள். அன்றைக்கு வேலைக்கே போகவில்லை என்றாள். ஆக, இறந்தது நான்கு பேர் என்று போலீஸார் எழுதி அனுப்பினார்கள்.

ஒரு பொட்டலத்துத் திசுவைச் சோதித்தேன். ஒரு மனுஷிக்கு ஒவ்வொரு மரபணுக் குறியிலும் அம்மா வழி ஒன்று, அப்பா வழி ஒன்று என்று வரைபடத்தில் அதிகபட்சம் இரண்டு மேடுதான் எழும். இதில் பக்கத்தில் சின்னதாக மூன்றாவது, சில இடங்களில் நான்காவது. இன்னொருவர் கலந்திருக்கிறார் என்று அர்த்தம். மற்ற மூன்று பெண்களோடும் ஒப்பிட்டேன், பொருந்தவில்லை. கையுறை போடாமல் அள்ளிய யாரோ ஒருவருடையது என்று ஒதுக்கினேன். அள்ளியவர்கள் எல்லாரும் ஆண்கள். ஆணுக்குரிய அடையாளம் அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை. அது என் கண்ணில் படாமல் இல்லை, பட்டது. நான்கு பேர் சரியாக வந்துவிட்டார்களே என்று, ஒரே ஆள்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெரிய மேடுகளுக்குரியவளின் குடும்பம் அந்தப் பொட்டலத்தை வாங்கிப்போய் எரித்துவிட்டது.

ஒருத்தி பெயரில் இன்னொருத்தி வேலைக்குப் போவது எங்கள் பக்கத்தில் சாதாரணம். என் அம்மாவே சித்தி பெயரில் எத்தனையோ நாள் தீப்பெட்டி ஆலைக்குப் போயிருக்கிறாள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? சே.

ஒரு மாதம் கழித்து அந்த ஐந்தாமவள் போலீஸிடம் அழுதிருக்கிறாள். காய்ச்சல் என்று பக்கத்து வீட்டுக்காரியைத் தன் பெயரில் அனுப்பினாளாம். பயத்தில் வாயைத் திறக்கவில்லையாம். அந்தப் பக்கத்து வீட்டுக்காரியின் தாயைக் காரியாபட்டியிலிருந்து அழைத்துவந்து ரத்தம் எடுத்தார்கள். பழைய வரைபடத்தில் பெரிய மேடுகளைக் கழித்துவிட்டு, நான் ஒதுக்கியவற்றைத் தாயோடு ஒப்பிட்டேன். பொருந்தியது.

அறிக்கை வாங்க வந்த போலீஸ்காரரோடு அந்தத் தாயும் வந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் அழவில்லை.

“புருசன் இல்லாதவ, எவன்கூடயோ ஓடிட்டான்னு ஊரே பேசுச்சு தாயி. நானும் நம்பிட்டேன். நாசமாப் போன்னு நடுத்தெருவுல மண்ணை வாரித் தூத்துனேன், எம்மகளுக்கு.”

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“எம்மக ஓடலைன்னு நீங்கதான் கண்டுபிடிச்சுக் குடுத்தீக. நல்லா இருப்பீக.”

அந்தச் சின்ன மேடுகளை முதல் நாளே பார்த்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். “பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா, பார்த்துப் போங்க” என்றேன்.