வைஃபைக்கு ஒரு தோல் உறை

எங்கள் வீட்டு வைஃபை பெட்டியில் ஐந்து விளக்குகள். ஐந்தும் பச்சையாக எரிந்தால் இணையம் வருகிறது என்று பொருள் என, மாட்டிவிட்டுப் போன கேபிள்காரர் சொன்னார். ஐந்தும் பச்சையாகத்தான் எரிந்தன. தினமும் எண்ணிப் பார்ப்பேன். ஆனால் ஒரு படம் திறப்பதற்குள் என் மனைவி காபி போட்டு, ஆற்றி, குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடுவாள்.

செய்தியைக் காகிதத்தில் படிக்கிற எனக்கு இதனால் பெரிய நஷ்டமில்லை. நஷ்டம் வரவிருந்தது என் இளைய மகளுக்கு. அவள் அயர்லாந்தில் நர்ஸ். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை ஆஸ்திரேலியாவில் இன்ஜினியர். அவருடைய பெற்றோர் நெமிலியில், நாங்கள் ஆம்பூரில். பிள்ளைகள் இருவரும் இங்கே இல்லாததால், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நான்கு வீடும் வீடியோ காலில் உட்கார்ந்து பேசி முடித்துவிடலாம் என்று ஏற்பாடு. பஜ்ஜி, கேசரி செலவு மிச்சம் என்று நான்தான் முதலில் சந்தோஷப்பட்டேன்.

முதல் ஞாயிறு நான் கொட்டாவி விட வாயைத் திறந்தபோது படம் நின்றுவிட்டது. நெமிலி வீட்டார் என் தொண்டையைப் பார்த்தபடியே பேச வேண்டியதாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா, "டிபன் ஆச்சா சார்?" என்று கேட்டார். அது எனக்கு வந்து சேர நேரமாயிற்று. "இல்லீங்க, இன்னும் இல்ல" என்றேன். அது அங்கே போய்ச் சேர்வதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "பொண்ணு குடுக்க உங்களுக்குச் சம்மதம்தானே?" என்பது அந்தக் கேள்வி. என் பதில் அதற்குப் பதிலாகப் போய் இறங்கியது. பிறகு இணைப்பு அறுந்தது.

சாயங்காலம் தரகர் அம்மா போன் செய்தார். "ஐயா, அவங்க ரொம்ப பேஜாராயிட்டாங்க. பொண்ணோட அப்பா வாயத் தொறந்துக்கினு முறைச்சிக்கினே இருந்தாராம். சம்மதமான்னு கேட்டா இல்லன்னுட்டாராம். எப்டியோ பேசி அடுத்த ஞாயித்துக்கெழம வாங்கி வச்சிருக்கேன். அதுவும் இப்டின்னா வேற எடம் பாத்துக்குறாங்களாம்."

அவர் வைத்ததும் மகள் அழைத்தாள். "அப்பா, எனக்கு அவர புடிச்சிருக்குப்பா. அடுத்த வாரம் வாய மூடிக்கினு உக்காருங்க, போதும்."

அந்த வாரம் முழுவதும் புகார் கொடுத்தேன். மொத்தம் ஏழு. ஒவ்வொரு முறையும் என் அழைப்பு அவர்களுக்கு மிக முக்கியமானது என்று ஒரு பெண் குரல் சொல்லிவிட்டு நாதஸ்வரம் வாசிக்க விட்டுவிடும். செல்போன் சிக்னலை நம்பலாமென்று மாடிக்குப் போனால், தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்றால் மட்டும் இரண்டு கோடு காட்டியது. பெண் கொடுக்கிற வீட்டார் தொட்டிமேல் நின்று பேசினால் நன்றாக இருக்காது என்று மனைவி தடுத்துவிட்டாள்.

ஏழாவது புகாருக்கு ஒருவர் வந்தார். சுவரிலிருந்து வரும் ஒயரைத் தன் லேப்டாப்பில் சொருகிப் பார்த்து, "லைன்ல ஸ்பீடு ஃபுல்லா வருது சார். உங்க போன்தான் பழசு" என்றார். பிறகு பெட்டியின் மேலிருந்த உறையைத் தடவிப் பார்த்தார். "இது சூப்பரா இருக்கே. எங்க வாங்குனீங்க?"

வாங்கியதல்ல. எதிர் வீட்டு பாய் தைத்துக் கொடுத்தது. அவர் ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். எங்கள் ஊரில் தோல் துண்டு சும்மா கிடக்காது. வேதாகமத்துக்கு உறை, டிவி ரிமோட்டுக்கு உறை, மூக்குக் கண்ணாடிக்கு உறை, எல்லாம் பாய் உபயம். தூசி படியுதே என்று மனைவி ஒரு வார்த்தை சொன்னதற்கு, மழைக்காலத்தில் வைஃபைக்கும் ஒன்று தைத்துக்கொண்டு வந்தார். பழுப்புத் தோல், பக்கவாட்டில் பக்கிள். விளக்குகள் தெரிய ஐந்து ஓட்டைகள், ஒவ்வொன்றுக்கும் ஷூ கயிறு கோக்கிற பித்தளை வளையம். பெட்டியின் இரண்டு கொம்புகளையும் மடக்கி உள்ளே படுக்கவைத்துவிடலாம். உள்ளே பளபளவென்று அலுமினியத் தாள் ஒட்டிய லைனிங். "எக்ஸ்போர்ட் ஐட்டம் சார்" என்றார் பாய்.

புதுப் போன் வாங்கினேன்.

ஞாயிறு காலை, சம்பந்தம் பேசுகிற நாளாயிற்றே என்று மனைவி உறையைக் கழற்றி, என் ஷூவோடு சேர்த்து அதற்கும் பாலிஷ் போட்டு வெயிலில் வைத்தாள். அங்கே இன்னும் விடியவில்லை என்றாலும் நான் மகளை அழைத்துப் பார்த்தேன். "அப்பா, உங்க நரைமுடி ஒண்ணொண்ணும் தெரியுது" என்றாள். புதுப் போனை மெச்சிக்கொண்டேன். நாங்கள் ஆராதனைக்குக் கிளம்பும்போது பாய் வந்து, காய்ந்த உறையைத் தன் கையாலேயே மாட்டி பக்கிள் போட்டார்.

திரும்பி வந்து கால் போட்டோம். பெரிய மனிதர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும் என்று பாயையும் உட்கார வைத்திருந்தோம். வணக்கம் சொல்லும் வரை நன்றாக இருந்தது. பிறகு நெமிலிக்காரரின் கை பாதி கும்பிட்டபடி நின்றது. திரையில் வட்டம் சுற்றியது. "சம்மதந்தானே சார்?" என்று குரல் மட்டும் வந்தது. சம்மதம் என்றேன். வட்டம் சுற்றியது. திரும்பவும் சொன்னேன். "இன்னா சார், பதிலே காணோம்" என்றது குரல்.

ஐந்து வளையங்களுக்குள்ளும் ஐந்து பச்சை. எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் காலையில் மகளோடு தெளிவாகப் பேசியபோது அந்த வளையங்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

பாய் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அயர்லாந்தில் மகள் வாயை மூடு என்பதுபோல் கைகாட்டியபடி உறைந்திருக்கிறாள். எழுந்து போய் பக்கிளை அவிழ்த்தேன். உள்ளே பெட்டி அப்போதுதான் இறக்கிய இட்லிக் குண்டான் போலக் கொதித்தது. கொம்புகளை நிமிர்த்தினேன்.

நான்கு வீடும் ஒன்றாக உயிர்பெற்றன. "இன்னா சார், எழுந்து போய்ட்டீங்க? இஷ்டமில்லியா?" என்று நெமிலிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே மூன்று முறை சம்மதம் சொன்னேன். மூன்றும் போய்ச் சேர்ந்தன. மகள் முகத்தை மூடிக்கொண்டாள்.

பாய் உறையை மடியில் வைத்துத் தடவினார். "பனி ஊருக்குப் போற பூட்ஸுக்குப் போடற லைனிங் சார் இது. உள்ள இருக்கற சூடு வெளியவே போவாது."

"ஆம்பூர்ல பனி ஏது பாய்?"

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா திரைக்கு அருகில் வந்து, "அது இன்னாங்க கையில, ஹேண்ட்பேக்கா? அழகா இருக்கே" என்றார்.

பாயின் முகம் மலர்ந்தது. "வைஃபைக்குப் போடறதும்மா. உங்க வூட்டுப் பெட்டி அளவு சொல்லுங்க, ஒண்ணு தச்சுத் தர்றேன்."

அளவு வந்துவிட்டது. பாய் தைக்க ஆரம்பித்துவிட்டார். நான் குறுக்கே பேசவில்லை. ஜவுளி, மண்டபம், சாப்பாடு எல்லாம் இன்னும் வீடியோ காலில்தான் பேசியாக வேண்டும் என்பதால், கல்யாணத்தன்று மேடையில் கொடுத்தால் போதும் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறேன்.