விண்டருக்குப் பெரிய டபிள்யூ

தலைநகரின் துவாரகா பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்துக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வில், பெரிய எழுத்து வரவேண்டிய இடங்களைத் திருத்தி எழுதச் சொல்லி ஒரு கேள்வி. அதில் ஒரு வாக்கியத்தில் விண்டரும் ஜனவரியும் வந்தன. மாதத்துக்குப் பெரிய எழுத்து வேண்டும், பருவத்துக்கு வேண்டாம். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், அப்படியே திருத்தினேன்.

விண்டருக்குப் பெரிய டபிள்யூ போட்டு அரை மதிப்பெண் இழந்த ஒரு பையனின் அப்பா பள்ளிக்கு வந்துவிட்டார். ஆங்கிலத் துறைத் தலைவி என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். சிம்லாவில் கான்வென்டில் படித்தவர். அதை நாங்கள் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வார்.

"கிழமைக்குப் பெரிய எழுத்து, மாதத்துக்குப் பெரிய எழுத்து. சீசனுக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நம் சர்குலரிலேயே விண்டர் பிரேக் என்று பெரிதாகத்தானே போடுகிறோம்?"

"அது அந்த விடுமுறையோட பேர், மேம். வெறும் விண்டர்னா சின்ன எழுத்துதான்."

பள்ளி வாங்கச் சொன்ன இலக்கணப் புத்தகத்திலேயே அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். அவர் பார்க்காமலே மூடி மேசையில் வைத்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "அரே, இவங்க ஊர்ல விண்டரே கிடையாதே, இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று இந்தியில் சொன்னார்.

எல்லோரும் சிரித்தார்கள். தன் கேள்வித்தாளை ஒவ்வொரு முறையும் என்னிடம் கொடுத்துப் பிழை பார்த்துக்கொள்ளும் சமூக அறிவியல் ஆசிரியையும் சிரித்தாள். எனக்கு அதுதான் வலித்தது.

பெரிய டபிள்யூதான் சரி என்று முடிவாகி, அத்தனை தாள்களையும் நானே மறுபடி திருத்த வேண்டியிருந்தது. சரியாக எழுதிய பிள்ளைகளுக்கு என் கையாலேயே அரை மதிப்பெண் குறைத்தேன். ஒரு மாணவி தாளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மேம், நீங்கதானே சின்ன டபிள்யூன்னு சொன்னீங்க?"

"நீ எழுதினதுதான் சரி. மார்க் மட்டும் வராது" என்றேன்.

அவள் அதை வீட்டில் சொல்லியிருக்கிறாள். வீட்டிலிருந்து அது முதல்வர் அறைக்குப் போய்விட்டது. பள்ளியின் முடிவை மாணவர்கள் முன்னால் குறை பேசினேன் என்று கண்டித்தார்கள். அடுத்த கல்வியாண்டில் என்னிடமிருந்து ஏழாம் வகுப்பைப் பிடுங்கி இரண்டாம் வகுப்பைக் கொடுத்தார்கள். காரணம் கேட்டேன். எனக்குச் 'சின்னப் பிள்ளைகளோடு நல்ல பொறுமை' என்றார் முதல்வர்.

என் கணவருக்கு மதுரை. மத்திய அரசு வேலை, தன் அலுவலகத்தில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர். "ஒரு எழுத்துக்காகவா இம்புட்டு மல்லுக்கட்டு? அவங்க சொன்னபடி போட்டுட்டுப் போக வேண்டியதுதானே" என்றார்.

"தப்புன்னு தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?"

அந்த ஆண்டு என் மகள் அதே பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு வந்தாள். அவளுக்கு ஆங்கிலம் எடுத்தது அந்தத் துறைத் தலைவியேதான். தேர்வுத் தாளைக் கையெழுத்துக்குக் கொண்டுவந்தாள். முழு மதிப்பெண். புரட்டிப் பார்த்தேன். சம்மர், விண்டர், ஸ்பிரிங் எல்லாம் பெரிய எழுத்தில் நிமிர்ந்து நின்றன.

"இது தப்புன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. மேமுக்கு அப்படித்தான் வேணும். நான் ஏன் மார்க்கை விடணும்?" பிறகு கொஞ்சம் தயங்கி, "கிளாஸ்ல எல்லாருக்கும் உன் கதை தெரியும்மா. நான் சின்ன டபிள்யூ போட்டிருந்தா சிரிச்சிருப்பாங்க" என்றாள்.

அவளை எப்படித் திட்டுவது? பள்ளி என்ன எதிர்பார்க்கிறது என்று அவளுக்குப் புரிந்திருந்தது. கூடத்திலிருந்து கணவர், "கெட்டிக்காரி" என்றார். நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

இப்போதும் அதே பள்ளியில்தான் இருக்கிறேன். இந்த ஆண்டு புதிய பாடப் புத்தகம் வந்திருக்கிறது. அதில் பருவங்களுக்குச் சின்ன எழுத்து என்று கட்டம் போட்டே அச்சிட்டிருக்கிறார்கள். கூட்டத்தில் துறைத் தலைவி அதை எல்லோருக்கும் வாசித்து விளக்கினார். "இதை எல்லோரும் கவனத்தில் வையுங்கள், நிறைய ஆசிரியர்கள் இதில் தப்பு செய்கிறார்கள்" என்றார். தலைகள் ஆடின. என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

கூட்டம் முடிந்ததும் தேநீர் வந்தது. சமூக அறிவியல் ஆசிரியை தன் அடுத்த கேள்வித்தாளை என்னிடம் நீட்டி, "ஜல்தி ஒருதரம் பார்த்துக் கொடுங்க" என்றாள்.

நேரமில்லை என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் சுருங்கியது. அதில் எனக்கு ஒரு திருப்தியும் கிடைக்கவில்லை.