கொயர் குரூப்பில் போய் விழுந்த டெத் மெட்டல் பட்டியல்

இன்று காலை குமணன்சாவடி சிக்னலில் பஸ் நின்றிருந்தபோது என் உயிர் போய்த் திரும்பி வந்தது.

தொண்டை கிழியக் கத்திப் பாடும், எனக்குப் பிடித்த டெத் மெட்டல் பேண்டின் ஐந்து ஆல்பங்களையும் தரவரிசைப்படுத்தி, பெயர்களை வழக்கம்போல் தமிழாக்கி, நண்பர்களின் வாட்ஸப் குரூப்புக்கு அனுப்பினேன். முதலிடம் 'நரகத்தின் பின்வாசல்'. கடைசி 'அழுகிய சிம்மாசனம்'. இந்த வரிசைக்கு இரண்டு வாரம் மண்டையை உடைத்திருக்கிறேன்.

அனுப்பிய பிறகுதான் பார்த்தேன். அது எங்கள் சர்ச் பாடகர் குழுவின் கொயர் குரூப்.

அவசரத்தில், எல்லோருக்கும் அழிப்பதற்குப் பதிலாக எனக்கு மட்டும் அழித்துத் தொலைத்தேன். இப்போது அந்தப் பட்டியல் என்னைத் தவிர எல்லோரிடமும் இருக்கிறது.

கொயர் லீடர் ஸ்டெல்லா அக்கா டைப் செய்வதாகக் காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. சர்ச்சில் நான் கீபோர்டு வாசிப்பது இத்தோடு சரி என்று முடிவே கட்டிவிட்டேன்.

வந்தது: "ஆமென்."

பின்னாலேயே ஆமென், ஆமென், கைகூப்பும் எமோஜி, ஆமென்.

அப்பாடா, ஒருத்தரும் படிக்கவில்லை என்று மூச்சு விடுவதற்குள் ஸ்டெல்லா அக்காவிடமிருந்து போன்.

"இன்னா தம்பி, ஞாயித்துக்கெழம பாட்டு லிஸ்ட்ட போட்டுட்டு கம்முனு கீற? அல்லாம் புதுப் பாட்டா கீதே. நரகம்னு ஆரம்பிக்குது, லெந்து நோம்பு காலத்துக்குனு எடுத்தியா? நல்லாத்தான் கீது. இன்னா ஸ்கேலு?"

"ஜி மைனர்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

'நரகத்தின் பின்வாசல்' என்ற தலைப்பில் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு ஞானப்பாட்டு எழுதித் தரக்கூடிய புண்ணியவான் யாராவது இங்கே இருக்கிறீர்களா?