பழுப்பில் எடுத்த பொன்

பிரஷ் நுனியை உதட்டில் வைத்து ஒரு சுழற்று சுழற்றிக் கூராக்கிக்கொள்கிறாள். அதனால் எங்கள் மாடி வீட்டுக்காரியின் நாக்கு எப்போதும் பழுப்பு. பகலில் பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பீங்கான் பல் செய்து தருகிற வேலை. பக்கத்துப் பல்லின் கறையைக்கூட அப்படியே தீட்டிவிடுவாள். பல்லுக்கு உடையவரே எது தன்னுடையது என்று குழம்பி, நல்ல பல்லைக் கழற்றப் பார்ப்பார்.

சாயங்காலமானால் பல் போய் ராணி வருவாள். ஏதோ ஒரு மாய ராஜ்யத்துப் போர்ராணியின் பொம்மை. கட்டைவிரல் உயரம், தலைமுதல் கால்வரை தங்கக் கவசம். கார்க் மூடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு தீட்டுகிறாள். ஆனால் மேசையில் தங்கப் பெயின்ட் ஒரு சொட்டுக் கிடையாது. பழுப்பு, காவி, மஞ்சள், வெள்ளை, அவ்வளவுதான். மினுமினுக்கிற பெயின்டைத் தொடுவது அவளுக்குப் பரீட்சையில் பார்த்து எழுதுவது மாதிரி.

"தங்கம் மஞ்சள்ல இல்லைம்மா. மஞ்சளுக்குப் பக்கத்துல வைக்கற இருட்டுல இருக்கு," என்றாள் ஒருநாள். அந்த இருட்டை ஒட்டி ஒரு வெள்ளைப் புள்ளி வைக்க மூச்சை அடக்குவாள். அவள் அடக்கினால் தெருக்காற்றும் நின்றுவிடும். நம்பாதவர்கள், அன்றைக்கு எங்கள் கொடியில் காயாமல் கிடந்த துணிகளைக் கேட்டுக்கொள்ளலாம்.

போன வருஷம் பொம்மைக்கு வர்ணம் தீட்டுகிற போட்டியில் நடுவர் ஒரே வார்த்தை எழுதிக் கொடுத்தார்: 'பித்தளை.' அந்தச் சீட்டு அவளுடைய மேசை விளக்கில் ஒட்டியிருக்கிறது.

இந்த வருஷப் போட்டி ஞாயிற்றுக்கிழமை. தனியாகத் தீட்டி வைத்திருந்த வட்டக் கேடயத்தை வெள்ளிக்கிழமை காலையில் ராணியின் கையில் ஒட்டினாள். பசை இறுகியபிறகு தள்ளி நின்று பார்த்தவளின் வாயிலிருந்து பிரஷ் விழுந்தது. எது மேல், எது கீழ் என்று குறி வைக்க மறந்து, கேடயத்தைத் தலைகீழாகத் தீட்டியிருக்கிறாள். ராணிக்கு வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, கேடயத்துக்கோ தரையிலிருந்து. பிய்த்தால் கை ஒடியும். எட்டு நாள் வேலை சேறு பூசினாற்போல நின்றது.

பஸ் ஓட்டுகிற கணவர் எட்டிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு முதல்நாளிலிருந்தே எல்லாம் பழுப்புதான்.

"பேசாம ராணியையும் தலைகீழா நிக்க வெச்சிடேன்."

"நீங்க பஸ்ஸை அப்படி ஓட்டிக் காட்டுங்க. நான் வெக்கறேன்."

சிரிக்கவில்லை. பல் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கேடயம் முழுவதும் அடர்ந்த பழுப்பைப் பூசி முதலிலிருந்து தொடங்கினாள். எட்டு நாளை ஒன்றரை நாளுக்குள் மடித்து வைத்தாள். நான் கொண்டுபோய் வைத்த காப்பியில் பிரஷைக் கழுவினாள். கழுவிய தண்ணீரைக் குடித்திருப்பாள் என்றும் எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை மத்தியானம், மூடாக்கு வானம். ஜன்னலோரத்தில் கடைசி வெள்ளைப் புள்ளியை வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். வேலை முடிந்து வந்த கணவர் வழக்கம்போலக் குனிந்தார். கண்ணைச் சுருக்கினார்.

"இந்த லைட்டை அணைக்கக் கூடாதா? கேடயத்துல பட்டுக் கூசுது," என்று முனகிக்கொண்டே கையை நீட்டி மேசை விளக்கின் சுவிட்சைத் தட்டினார்.

விளக்கு அப்போதுதான் எரிந்தது.