மோட்டார் சைக்கிளுக்கு வெள்ளை விளக்கு

எங்கள் பக்கத்துக் கரப்பந்தாட்டப் போட்டிகளில் பாதிக்கு நான்தான் நடுவர். விசில் ஊதினால் ஊதினதுதான். கடவுளே வந்து பந்து கோட்டுக்குள் விழுந்தது என்று சாட்சி சொன்னாலும் மாற்ற மாட்டேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் எனக்கு மிஞ்சிய ஒரே அதிகாரம் அது. வீட்டில் அப்படி எதுவும் கிடையாது.

போட்டி முடிந்து வரும்போது இருட்டிவிடும். என் மோட்டார் சைக்கிளோ கிழடு, அதன் விளக்கு மங்கல் மஞ்சள். ஒருநாள் அந்த வெளிச்சத்தை நம்பி வந்து, குறுக்கே நின்ற மாட்டுக்கு விலகி, கிளுவை வேலிக்குள் போய் விழுந்தேன். முழங்கை உரசியதோடு தப்பினேன். மனைவி மருந்து போட்டபடியே தீர்ப்புச் சொன்னாள்.

"ஆறு மணிக்குப் பிறகு இனி உந்த மோட்டார் சைக்கிளிலை ஏறக்கூடாது. கொடிகாமத்திலை என்ரை தம்பி அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். குடுத்துவிடுவம்."

"விளக்கை மாத்தினால் சரிதானே?"

"மாத்துங்கோ. அதுக்குப் பிறகும் ஏதும் நடந்தால் தம்பி வந்து கொண்டு போவான்."

நெல்லியடியில் கராஜ் வைத்திருப்பவர் ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். ஓர் இறுதிப்போட்டியில் அவர் அடித்த பந்தை நான் வெளியே என்று ஊதியதை அவர் இன்னும் மறக்கவில்லை. வயரையெல்லாம் மாற்றி எல்ஈடி விளக்கைப் பூட்டிவிட்டுச் சொன்னார்: "அண்ணை, இனி உங்களுக்குக் கோடும் தெரியும்."

வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் வண்டிக்குப் பூசை நடந்தது. சில்லுக்குக் கீழே எலுமிச்சம்பழம், விளக்குக் கண்ணாடியில் சந்தனம், குங்குமம். அன்று இரவு வீதி பளிச்சென்று தெரிந்தது. வீதியில் கிடந்த கிடங்கு, குழி ஒவ்வொன்றையும் எண்ணலாம் போலிருந்தது. தலைக்கவசம் இல்லாமல் வந்த இரண்டு பேர் என்னைப் பொலிஸ் என்று நினைத்து ஒழுங்கைக்குள் திரும்பி ஓடினார்கள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, பெரிய புளுகம்.

அந்தப் புளுகம் மூன்று நாள்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் போட்டி இருந்த வாரம் அது. வீதியின் நடுவில், வெளிச்சம் விழவேண்டிய இடத்தில், ஒரு கறுப்பு. அடுத்த நாள் அது இன்னும் பெருத்தது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்தேன், கண்ணைக் கசக்கினேன். கறுப்பு போகவில்லை. உண்மையாகவே பயந்துபோனேன். கண் போய்விட்டதென்றால் மோட்டார் சைக்கிளும் போச்சு, விசிலும் போச்சு. மனைவியிடம் மூச்சுவிடவில்லை.

இறுதிப்போட்டி அன்று மத்தியானம் பயம் முழுவதும் கோபமாகிவிட்டது. நேரே கராஜுக்குப் போனேன்.

"என்ன கோதாரி விளக்கைப் பூட்டித் தந்தனீர்? நடுவிலை ஒண்டும் தெரியேல்லை!"

அவர் கொட்டிலின் இருட்டு மூலைச் சுவருக்கு நேரே விளக்கைப் போட்டார். சுவரில் வெள்ளை வட்டம், நடுவில் அதே கறுப்பு. நின்றவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. அப்பாடா, என் கண் இல்லை! அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. ஆனால் கத்திக்கொண்டு வந்துவிட்டேனே, முகத்தை இறுக்கியே வைத்துக்கொண்டேன்.

அவர் குனிந்து விளக்குக் கண்ணாடியை நகத்தால் சுரண்டினார்.

"அண்ணை, சந்தனம். அதுவும் ஒருநாள் சந்தனமில்லை, ஒண்டுக்கு மேலை ஒண்டு அப்பின சந்தனம். பழைய பல்ப் கண்ணாடியைச் சுடவைக்கும், வைச்சது காய்ஞ்சு சந்தி தாண்டமுதல் உதிர்ந்துபோம். இதின்ரை கண்ணாடி சுடாது. ஒட்டினால் ஒட்டினதுதான்."

பிறகு இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் அடித்தார்.

"வெளியை, அண்ணை!"

கராஜே சிரித்தது. வாழ்க்கையில் முதல்தடவை நான் ஒரு தீர்ப்பைத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

கோயில் ஐயர் வைத்தது ஒருநாள்தான். மிச்சம் யாருடைய வேலை? விசிலை எடுக்க வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்றாள், கையில் வாழையிலைத் துண்டு, அதில் குழைத்த சந்தனம்.

"நீரோ விளக்கிலை சந்தனம் பூசினது?"

"ஓம். நீங்கள் விசிலோடை வெளிக்கிடுற நாளெல்லாம் வைக்கிறனான். எத்தினை வருசமா."

எத்தனையோ வருடம். ஒருநாள்கூட நான் கண்டதில்லை. கராஜ்காரர் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"வேலிக்குள்ளை விழுந்தியளே, அண்டைக்கு மட்டும் மறந்துபோனன்," என்றாள். "அதுக்குப் பிறகுதான் கனக்க அப்பினனான்."

திட்டுவதற்கென்றுதான் வந்திருந்தேன். தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன்.

"இனி இதிலை வையும். இது சூடான தலைதான், காய்ஞ்சு விழுந்திடும்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்த கையாலேயே என் நெற்றியில் சந்தனத்தை வைத்து அழுத்தினாள். நான் வண்டியை உதைத்தேன். வேலிக்குள் விழுந்த நாளிலிருந்து அவள் சொல்லாமலிருந்த சொல் பின்னால் கேட்டது.

"போயிட்டு வாங்கோ."